தெற்கே தள்ளியவை: கடற்கரை – செங்கல்பட்டு ரயில் குறிப்புகள்

திங்கள்: கடற்கரை, பூங்கா, எழும்பூர்

சென்னைக் கடற்கரை நிலையத்தில் இறங்கிக் கடலைத் தேடுபவர்கள் ஏமாந்துபோவார்கள். எதிரே ராஜாஜி சாலை, அதைத் தாண்டினால் துறைமுகத்தின் மதில், அதற்குள்ளே கன்டெய்னர்கள். கடல் அப்பால் எங்கேயோ இருக்கிறது. துறைமுகம் எழுவதற்கு முன்பு அலை இந்தச் சாலையோரம் வரை வந்துகொண்டிருந்தது. கடல் விலகிப் போய்விட்டது, பெயர் மட்டும் நிலையத்தோடு தங்கிவிட்டது.

பல வருடங்களாகச் சீசன் டிக்கெட் வைத்திருப்பவன் நான். குரோம்பேட்டையில் ஏறுவேன், பூங்கா நிலையத்தில் இறங்குவேன். நடுவில் உள்ள நிலையங்களெல்லாம் எனக்கு மஞ்சள் பலகைகள் மட்டுமே. அவற்றில் பாதியில் நான் கால் வைத்ததே இல்லை. இந்த வாரம் அலுவலகத்தில் விடுப்பு கிடைத்தது. ஊருக்குப் போகலாமே என்று வீட்டில் சொன்னார்கள். எனக்கோ தினமும் போகும் பாதையிலேயே ஒரு முறை வேடிக்கை பார்ப்பவனாகப் போக வேண்டும் என்று ஆசை. கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு வரை சுமார் 60 கிலோமீட்டர். அவசரமில்லாமல் பார்க்க ஒரு வாரம் போதும்.

கடற்கரை நிலையத்தின் வாசலிலேயே பர்மா பஜார் தொடங்கிவிடுகிறது. பர்மாவிலிருந்து திரும்பிவந்த தமிழர்கள் பிழைத்துக்கொள்ள 1960களின் கடைசியில் உருவான நடைபாதைக் கடைகள் இவை. இன்று செல்போன் உறைகளும் சார்ஜர்களுமே அதிகம். மாலையில் வந்தால் அத்தோ கிடைக்கும். மஞ்சள் நூடுல்ஸ், முட்டைக்கோஸ், புளித்தண்ணீர், பொரித்த வெங்காயம் எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள். பக்கத்தில் வாழைத்தண்டு போட்ட சூப் ஒரு கிண்ணம். நான் போனது காலையில். அந்த நேரத்தில் தேநீர் மட்டும்தான்.

இந்தப் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931 மே 11 அன்று. பம்பாய்க்குப் பிறகு இந்தியாவில் மின்சார ரயிலைப் பார்த்த நகரம் மதராஸ்தான். அப்போது இது தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர் கேஜ் பாதை, கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை. 1500 வோல்ட் நேர் மின்சாரத்தில் ஓடியது. 1960களில்தான் இன்றுள்ள 25,000 வோல்ட் மாறுமின்சாரத்துக்கு மாற்றினார்கள். ஒடுக்கமான அந்த மீட்டர் கேஜ் வண்டிகள் 2004 வரை ஓடின. அவற்றில் பயணம் செய்தவர்கள் இன்றும் அவற்றைப் பற்றி ஒருவிதச் செல்லத்தோடு பேசுகிறார்கள். எனக்கு அந்த ஏக்கம் இல்லை. எதிர் இருக்கையில் உட்கார்ந்தவரின் முழங்கால் நம் முழங்காலில் இடிக்கும் வண்டி அது.

கடற்கரையை அடுத்தது கோட்டை, அதற்கடுத்தது பூங்கா. தினமும் இறங்கும் நிலையம் என்பதால் பூங்காவில் இறங்காமல் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒரு கேள்வி தோன்றியது: இங்கே எந்தப் பூங்கா? நிலையத்தைச் சுற்றிலும் சென்ட்ரல், அரசு பொது மருத்துவமனை, ரிப்பன் மாளிகை, மெட்ரோ என்று கட்டடங்களாகவே இருக்கின்றன. பதில் பழையது. இங்கே மக்கள் பூங்கா என்று பெரியதொரு பூங்கா இருந்தது. அதற்குள்ளேதான் மதராஸின் விலங்குக் காட்சிசாலையும் இருந்தது. அதன் கதை எழும்பூரில் தொடங்குகிறது. அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளரான எட்வர்ட் பால்ஃபர், 1855இல் அருங்காட்சியக வளாகத்திலேயே உயிருள்ள விலங்குகளை வைத்துக் காட்டினார். இடம் போதாமல் சில ஆண்டுகளில் விலங்குகள் மக்கள் பூங்காவுக்கு வந்தன. நூறு ஆண்டுகளுக்கு மேல் இங்கே இருந்துவிட்டு, 1985இல் வண்டலூருக்குப் போயின. அதே 1985இல்தான் பக்கத்தில் இருந்த மூர் மார்க்கெட்டும் எரிந்தது. அந்த இடத்தில் இன்று கும்மிடிப்பூண்டி, அரக்கோணம் பக்கம் போகும் புறநகர் ரயில்களின் நிலையம் நிற்கிறது.

எழும்பூர், பூங்கா, வண்டலூர். மூன்றும் இதே பாதையில் இருக்கும் நிலையங்கள். யானையும் சிங்கமும் இந்தத் தண்டவாளத்தை ஒட்டியே தெற்கு நோக்கி நகர்ந்திருக்கின்றன. இதைக் கண்டுகொண்ட பிறகு, வேறு எவையெல்லாம் இப்படி நகர்ந்தன என்று தேடும் புத்தி வந்துவிட்டது. இந்த வாரம் முழுக்க அதுதான் வேலை.

எழும்பூர் நிலையத்தைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். 1908 ஜூனில் திறக்கப்பட்டது, வடிவமைத்தவர் ஹென்றி இர்வின், கட்டிக் கொடுத்தவர் சாமிநாத பிள்ளை. புறநகர் வண்டியில் வருபவர்கள் அந்தக் கட்டடத்தைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை. பின்பக்கமாக இறங்கி, பாலம் ஏறி, போய்விடுகிறோம். நான் இன்று முன்பக்கம் போய் நின்றேன். சிவப்பும் வெள்ளையுமான அந்த முகப்பைச் சுற்றி மறுசீரமைப்பு வேலை நடக்கிறது, தகரத் தடுப்புகள். தடுப்புக்கு மேலே குவிமாடம் மட்டும் தெரிந்தது. அது போதும் என்று திரும்பிவிட்டேன்.

செவ்வாய்: நுங்கம்பாக்கம் முதல் சைதாப்பேட்டை வரை

இன்று ஏரியைத் தேடிப் போனேன்.

நுங்கம்பாக்கத்தில் ‘லேக் ஏரியா’ என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது. தெருக்களுக்குக் குறுக்குத் தெரு எண்கள் இருக்கின்றன, வீடுகளுக்குக் காவலாளிகள் இருக்கிறார்கள், ஏரி மட்டும் இல்லை. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த அந்த ஏரியை ஆங்கிலேயர்கள் ‘லாங் டேங்க்’ என்றார்கள். 1920களில் அதை வடித்து, அந்த மண்ணில் எழுப்பியதுதான் தியாகராய நகர். எனவே மாம்பலம் நிலையத்தில் இறங்கி ரங்கநாதன் தெருவுக்குள் முழங்கையால் வழி செய்துகொண்டு நுழையும் ஒவ்வொருவரும் பழைய நீர்ப்பரப்புப் பக்கமாகத்தான் போகிறார்கள். ஒவ்வொரு பெருமழையிலும் தண்ணீர் தன் பழைய வீட்டைத் தேடி வருவதை தி. நகர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மாம்பலம் நிலையத்திலிருந்து தி. நகர் பஸ் நிலையத்துக்கு 2023இல் ஆகாய நடைபாதை ஒன்று திறந்தார்கள். நீளம் 570 மீட்டர். அதன் மேல் நடந்தால் கீழே ரங்கநாதன் தெரு தலைகளால் நிரம்பி ஓடுவது தெரிகிறது. வசதியான ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் நடந்தபோது, மேலே நடப்பவர்கள் கையில் பையே இல்லாததைக் கவனித்தேன். பை உள்ளவர்களெல்லாம் கீழே இருந்தார்கள். கடைக்குப் போகிறவர்களுக்குக் கூட்டம் வேண்டும். கூட்டமில்லாத கடையில் எந்தச் சென்னைவாசியும் புடவை எடுப்பதில்லை.

மாம்பலத்தில் ஏறும்போது கூடைப் பூவோடு ஒரு அம்மா. வியாபாரிகள் பெட்டியில் இடமில்லாமல் பொதுப் பெட்டிக்கு வந்துவிட்டார். கூடையைக் கதவோரம் வைத்தால் ஏறுபவர்கள் மிதிப்பார்கள், உள்ளே வைத்தால் உட்காருபவர்கள் முறைப்பார்கள். “தம்பி, கொஞ்சம் காலை மடக்கிக்கொள்ளுங்கள்” என்று என்னிடம் சொல்லிவிட்டு, என் இருக்கைக்கு அடியில் தள்ளினார். சைதாப்பேட்டை வரை மல்லிகை வாசத்தில் உட்கார்ந்திருந்தேன். அடையாற்றுப் பாலத்தில் வண்டி ஏறியதும் வேறு வாசம் வந்து அதை அடித்துக்கொண்டு போய்விட்டது.

புதன்: கிண்டி, பரங்கிமலை, திரிசூலம்

கிண்டியைச் சீக்கிரம் கடந்துவிடுகிறேன். 1958இல் வந்த தொழிற்பேட்டை, பழைய குதிரைப் பந்தயத் திடல், ஆளுநர் மாளிகை, காலை ஒன்பது மணிக்குத் தோளோடு தோள் உரசும் படிக்கட்டு. இங்கே இறங்கும் கூட்டத்தில் முக்கால்வாசி அடுத்த சாலை தாண்டுவதற்குள் மெட்ரோவிலும் பஸ்ஸிலும் கரைந்துவிடுகிறது.

பரங்கிமலை நிலையத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். 2018 ஜூலையில், விரைவு வண்டிகள் போகும் பாதையில் திருப்பிவிடப்பட்ட மின்சார ரயில் ஒன்றில் படியில் தொங்கிக்கொண்டு வந்த இளைஞர்கள், நடைமேடையை ஒட்டியிருந்த தடுப்புச் சுவரில் மோதி இறந்தது இங்கேதான். அன்று நான் இரண்டு வண்டி தள்ளி வந்துகொண்டிருந்தேன். ஏன் வண்டி நகரவில்லை என்று சலித்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன் என்பதை மட்டும் சொல்லிக் கடக்கிறேன். இன்று காலையும் கிண்டியில் மூன்று பையன்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே சாய்ந்துதான் வந்தார்கள். உள்ளே இடம் இருந்தது. காற்றுக்காக நிற்கிறோம் என்றார்கள். மே மாதச் சென்னையில் அதை முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது.

கதவு தானாக மூடிக்கொள்ளும் குளிர்சாதன மின்சார ரயில் 2025 ஏப்ரலில் இந்தப் பாதைக்கு வந்தது. பெரம்பூரிலுள்ள ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையின் தயாரிப்பு. அதில் தொங்க முடியாது, ஒரு பெரிய நிம்மதி. ஆனால் குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய், கடைசி வரை போனால் 105. சாதாரண வண்டியில் 5 ரூபாய்க்கு ஏறலாம். படியில் தொங்கும் பையன்களில் எத்தனை பேர் அந்த 35 ரூபாயைத் தினமும் கொடுப்பார்கள்? பாதுகாப்பு என்பது கட்டணத்தோடு சேர்த்து விற்கப்படும்போது, யாருக்கு அது அதிகம் தேவையோ அவர்கள்தான் கடைசியில் வாங்குகிறார்கள்.

பழவந்தாங்கல், மீனம்பாக்கம், திரிசூலம். நகர்ந்தவற்றின் பட்டியலில் விமான நிலையமும் இருக்கிறது, ஆனால் இது சின்ன நகர்வு. 1954இல் கட்டிய பழைய முனையம் மீனம்பாக்கம் பக்கம் இருந்தது. 1980களில் புதிய முனையங்கள் ஒரு நிலையம் தள்ளித் திரிசூலத்துக்கு எதிரே வந்தன. நகரத்தின் பேச்சில் இன்னும் அது ‘மீனம்பாக்கம் ஏர்போர்ட்’தான். அடுத்த நகர்வு பெரியது. காஞ்சிபுரம் அருகே பரந்தூரில் இரண்டாவது விமான நிலையம் என்று 2022இல் அறிவித்தார்கள். அன்றிலிருந்து ஏகனாபுரம் மக்கள் வேண்டாம் என்று போராடுகிறார்கள்.

திரிசூலத்தில் இறங்குபவர்களில் பெட்டி இழுப்பவர்கள் இடதும் வலதும் பார்த்துச் சுரங்கப்பாதையைத் தேடுகிறார்கள். பெட்டியில்லாத இரண்டு பேர் எதிர்ப்பக்கம் நடந்தார்கள். நானும் அவர்கள் பின்னால் போனேன். கல் உடைத்துக் குடைந்த குன்றுகளுக்கு நடுவே திரிசூலநாதர் கோயில். சோழர் காலத்துக் கோயில், பிரகாரத்தில் ஆளே இல்லை. தலைக்கு மேல் விமானம் இறங்கும்போது குருக்கள் மந்திரத்தை நிறுத்திவிட்டு, சத்தம் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார். பழகிவிட்டது போலிருக்கிறது, முகத்தில் எரிச்சல் கொஞ்சமும் இல்லை.

வியாழன்

எங்கும் போகவில்லை. வீட்டில் குழாய் உடைந்துவிட்டது. பிளம்பர் வந்து பார்த்துவிட்டு, வால்வு புதிதாக வாங்குவதற்குப் பதில் நாளைக்குப் பல்லாவரம் சந்தையில் பாருங்கள் என்றார். பயணத் திட்டம் தானாக அமைந்தது.

வெள்ளி: பல்லாவரம், குரோம்பேட்டை

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போகாதவர்களுக்கு அதை விளக்குவது கஷ்டம். பழைய டிரங்க் ரோடு முழுக்கக் கடை. மாட்டுச் சந்தையாகத் தொடங்கியது என்று வியாபாரிகள் சொல்கிறார்கள். இன்று மாடு இல்லை. புறா, கோழி, லவ் பேர்ட்ஸ், ரோஜாச் செடி, ரம்பம், சுத்தியல், கழற்றிய கழிவறைப் பீங்கான், ஒற்றைக் கால் செருப்பு, தையல் மெஷின், உடற்பயிற்சி டம்பிள்ஸ், யாரோ ஒருவருடைய கல்யாண ஆல்பம். ஆல்பத்தை யார் வாங்குவார்கள் என்று கேட்டேன். “அட்டை கெட்டியாக இருக்கிறது பாருங்கள் அண்ணே, போட்டோவைக் கழற்றிவிட்டு உங்களுடையதை ஒட்டிக்கொள்ளலாம்” என்றார் கடைக்காரர். மாப்பிள்ளை நல்ல களையாக இருந்தார். வாங்கவில்லை.

வால்வு கிடைத்தது. பித்தளை. கடைக்காரர் அதை ஒரு பழைய கட்டடத்திலிருந்து கழற்றியதாகச் சொன்னார். கனம் பார்த்தபோதே இது இப்போதைய சரக்கு இல்லை என்று தெரிந்தது. முதலில் சொன்ன விலைக்கும் கடைசியில் கொடுத்த விலைக்கும் நடுவே இரண்டு தேநீர் குடிக்கும் நேரம் ஆனது.

பழைய பொருளைத் தோண்டியெடுப்பதில் பல்லாவரத்துக்கு நெடிய பெருமை உண்டு. 1863 மே 30 அன்று, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் இங்கே ஒரு சரளைக் குழியில் கல்லால் ஆன கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியத் துணைக்கண்டத்தில் பழைய கற்கால மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்பதற்கு முதலில் அடையாளம் காணப்பட்ட சான்று அது. அதே ஆண்டில் அவரும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்திலும் கருவிகளைக் கண்டார்கள். அங்கே பின்னாளில் தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் செய்த ஆய்வு, அவற்றின் காலத்தைச் சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்குக் கொண்டுபோயிருக்கிறது. ஃபூட் சேகரித்தவற்றை எழும்பூர் அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. அதாவது எழும்பூரிலிருந்து புலி தெற்கே வந்தது, இங்கிருந்து கோடரி வடக்கே போனது. இந்தப் பாதையில் எதிர்த்திசையில் நகர்ந்த பொருள் இதுவரை எனக்கு இது ஒன்றுதான் அகப்பட்டிருக்கிறது.

இத்தனை பெரிய செய்தியைச் சொல்லும் பலகை ஒன்றாவது நிலையத்தில் இருக்கிறதா என்று நடைமேடை முழுக்கப் பார்த்தேன். பல் மருத்துவமனை விளம்பரம் இருந்தது.

குன்றின் மேல் மகேந்திரவர்மன் குடைவித்த குடைவரை ஒன்றும் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டு. பல்லவன் தன் விருதுப் பெயர்களைத் தூணிலும் உத்தரத்திலும் வெட்டிவைத்திருக்கிறான். இன்று அது தர்கா. ஊதுபத்தி மணக்கும் அந்த இடத்தில் பல்லவ எழுத்தையும் பச்சைத் துணியையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். வெளியே இருந்த பெரியவரிடம் இது யார் கட்டியது என்று கேட்டேன். “பாறை ஐயா, யாரும் கட்டவில்லை” என்றார். ஒருவிதத்தில் சரியான பதில்.

குரோம்பேட்டை என் சொந்தப் பேட்டை. பெயரைத் தந்தது 1912இல் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனி. ஆல்ஃபிரட் சாட்டர்டன் மதராஸில் குரோமியம் கொண்டு தோல் பதனிடும் முறையைச் சோதித்துப் பரப்பினார். சேம்பர்ஸ் என்பவர் அந்த முறையில் இங்கே ஆலை நடத்தினார். தோல் பதனிடும் இடத்தின் நாற்றத்தை எந்த நகரமும் தன் நடுவீட்டில் வைத்துக்கொள்ளாது. ரயிலுக்குப் பக்கத்தில், ஆனால் மூக்குக்கு எட்டாத தூரத்தில் வைத்தார்கள். பின்னர் பல்லாவரம், குரோம்பேட்டை முழுக்கத் தோல் தொழில் பரவியது. நிலத்தடி நீர் அதற்கு விலை கொடுத்தது. இந்தப் பக்கத்தில் பழைய கிணறுள்ள வீட்டுக்காரர்களைக் கேட்டால், அந்தத் தண்ணீரின் நிறத்தை இன்றும் சொல்வார்கள்.

எங்கள் பேட்டைக்குப் பெருமை சேர்ப்பது எம்.ஐ.டி. 1949இல் சி. ராஜம் தன் வீட்டை விற்றுத் தொடங்கிய தொழில்நுட்பக் கல்லூரி. 1950களில் இங்கே விமானப் பொறியியல் படித்தவர் அப்துல் கலாம். நிலையத்திலிருந்து கல்லூரி வாசல் வரை நடந்துவிட்டு, வால்வோடு வீடு திரும்பினேன். பிளம்பர் அதைக் கையில் உருட்டிப் பார்த்து, “இது உங்கள் வீட்டை விடப் பழையது சார்” என்றார்.

சனி: சானடோரியம், தாம்பரம்

தாம்பரம் சானடோரியம் என்று நிலையத்தின் பெயரிலேயே நோயைத் தாங்கிக்கொண்டிருக்கும் ஊர் இது. பெயரைத் தந்தவர் டாக்டர் சவுரிமுத்து. இங்கிலாந்தில் மென்டிப் மலைப்பகுதியில் காசநோயாளிகளுக்கான மருத்துவமனையை நடத்தியவர். மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம். நல்ல காற்று, ஓய்வு, சத்தான உணவு இவைதான் சிகிச்சை. நாடு திரும்பி, 1928இல் தாம்பரத்தின் பெருங்காட்டில் சானடோரியத்தைத் தொடங்கினார். 1937இல் அரசு அதை எடுத்துக்கொண்டது.

அவருடைய மென்டிப் மருத்துவமனையில் 1917இல் நோயாளியாக இருந்தவர் கணித மேதை ராமானுஜன். இந்த ரயில் பாதையை ராமானுஜனின் வாழ்க்கை எத்தனை இடத்தில் தொடுகிறது என்று யோசித்துப் பார்த்தேன். 1912இல் குமாஸ்தாவாகச் சேர்ந்த துறைமுகக் கழகம் கடற்கரை நிலையத்தின் பக்கம். 1920 ஏப்ரலில் உயிர் பிரிந்தது சேத்துப்பட்டில். அவரைப் பார்த்த மருத்துவரால் பெயர் பெற்ற நிலையம் இது. சேத்துப்பட்டை திங்கட்கிழமையே இறங்காமல் கடந்துவிட்டேன். இதற்காகவாவது ஒரு நாள் இறங்க வேண்டும்.

மருத்துவமனை வளாகத்தில் இன்றும் மரங்கள் அடர்த்தி. 1990களில் எய்ட்ஸ் நோயாளிகளைப் பல மருத்துவமனைகள் தொடவே பயந்தபோது, படுக்கை கொடுத்த இடம் இது. காசநோயாளிகளை அனுப்பிவைத்த அதே நகரம், அடுத்த நோயையும் இந்த நிலையத்துக்கே அனுப்பியது. இங்குள்ள மருத்துவர்களும் செவிலியர்களும் ஏற்றுக்கொண்டார்கள். சென்னையின் வரலாற்றை எழுதுபவர்கள் கோட்டைக்கும் கவர்னர்களுக்கும் கொடுக்கும் பக்கங்களில் ஒன்றிரண்டை இந்த வார்டுகளுக்கு ஒதுக்கலாம்.

பக்கத்திலேயே தேசிய சித்த மருத்துவ நிறுவனம், 2005இல் திறந்தது. வரிசையில் முன்னால் நின்ற பெண்மணி மதுராந்தகத்திலிருந்து முழங்கால் வலிக்காக வந்திருந்தார். காலை முதல் வண்டியைப் பிடித்தாராம். நீங்களும் முழங்காலா என்று கேட்டார். சும்மா பார்க்க வந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஆமாம் என்று தலையாட்டினேன். மூட்டுக்குத் தடவ வேண்டிய தைலத்தின் பெயரையும் முடக்கத்தான் தோசை சுடும் பக்குவத்தையும் விரிவாகச் சொன்னார். இரண்டையும் குறித்து வைத்துக்கொண்டேன்.

தாம்பரம். 1931இல் மின்சார ரயில் முடிந்த இடம். உயர் நீதிமன்றத்துக்கு எதிரே, நெரிசலான எஸ்பிளனேடில் இருந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் இங்கே குடிபெயர்ந்தது. 365 ஏக்கர் புதர்க்காடு. எட்வர்ட் பார்ன்ஸ் என்ற வேதியியல் பேராசிரியர் அங்கே மரம் வைத்தே பெயர் வாங்கினார். ரயில் வந்து ஆறு ஆண்டுகளில் கல்லூரி வந்திருக்கிறது. மின்சார ரயில் இல்லாதிருந்தால் பட்டணத்துப் பெற்றோர்கள் பிள்ளைகளைக் காட்டுக்கு அனுப்பச் சம்மதித்திருப்பார்களா என்பது சந்தேகம்தான். இன்று தாம்பரத்தைக் காடு என்று சொன்னால் சிரிப்பார்கள். 2021 முதல் அது தனி மாநகராட்சி. எங்கள் குரோம்பேட்டையும் பல்லாவரமும் அதற்குள் அடக்கம். ஊருக்கு வெளியே வைத்த தோலாலையும் சானடோரியமும் கல்லூரியும் சேர்ந்தே இன்னொரு ஊராகிவிட்டன.

ஞாயிறு: வண்டலூர் முதல் செங்கல்பட்டு வரை

ஞாயிற்றுக்கிழமையில் புறநகர் ரயிலை நம்பிப் புறப்படுபவருக்குப் பொறுமை வேண்டும். வண்டிகள் குறைவு, அதிலும் பராமரிப்புப் பணி என்று சில ரத்தாகும். “பயணிகளின் கனிவான கவனத்திற்கு” என்று குரல் தொடங்கும்போதெல்லாம் நடைமேடையே நிமிர்கிறது. சொல்வது பெரும்பாலும் நாம் கேட்க விரும்பாத செய்தி.

வந்த வண்டி முழுக்கக் குழந்தைகள். எல்லாம் வண்டலூருக்கு. பால்ஃபரின் விலங்குகள் 1985இல் வந்து சேர்ந்த இடம், 600 ஹெக்டேருக்கு மேல் பரப்பு. எதிரில் ஒரு தாத்தா பேரனுக்குக் கதை சொல்லிக்கொண்டு வந்தார். அவர் சின்னப் பையனாக இருந்தபோது சென்ட்ரல் பக்கத்திலேயே சிங்கம் இருந்ததாம். பேரன் நம்பவில்லை. சிக்னலில் நின்றதா என்று கேட்டான்.

வண்டலூரில் பெட்டி காலியானது, உடனே நிரம்பியது. ஏறியவர்கள் கையில் பயணப் பைகள். கிளாம்பாக்கம் பஸ் முனையம் 2023 டிசம்பரில் திறந்தபோது அதற்கென ரயில் நிலையம் தயாராக இல்லை. எனவே தென்மாவட்டங்களிலிருந்து இறங்கியவர்கள் பிள்ளையையும் மூட்டையையும் தூக்கிக்கொண்டு வண்டலூருக்கோ ஊரப்பாக்கத்துக்கோ வந்து ரயில் பிடிக்க வேண்டியிருந்தது. இந்த முனையமும் நகர்ந்து வந்ததுதான். முதலில் கோட்டை நிலையத்தின் அருகே பாரிமுனையில், 2002இல் கோயம்பேட்டில், பிறகு இங்கே. விலங்குகளை இடம் மாற்றியபோது முதலில் கூண்டு கட்டினார்கள், பிறகு கொண்டுவந்தார்கள். பஸ் பயணிகளுக்கு அந்த ஏற்பாடு வாய்க்கவில்லை. ஜெயிலை மட்டும் ஏன் வடக்கே புழலுக்கு அனுப்பினார்கள் என்று யாராவது ஆராயலாம்.

கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்குளத்தூர். பொத்தேரியில் பல்கலைக்கழக மாணவர்கள் எட்டு மொழிகளில் பேசிக்கொண்டு இறங்கினார்கள். மறைமலை நகர் 1980களில் அரசு திட்டமிட்டு எழுப்பிய ஊர். ஃபோர்டு கார் ஆலை இங்கே வந்தபோது ஊரே நிமிர்ந்தது. 2022இல் உற்பத்தி நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அந்த ஆலைக்கு உதிரிபாகம் கொடுத்த சிறு பட்டறை ஒன்றில் வேலை பார்த்தவர். இப்போது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். “கார் ஓட்டுகிறேன்” என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

சிங்கபெருமாள் கோயிலில் இறங்கி நரசிம்மரைப் பார்த்தேன். பல்லவர் காலக் குடைவரை, மூலவரே பாறை. நெற்றிக் கண்ணை அர்ச்சகர் விளக்கை உயர்த்திக் காட்டுகிறார். பெருமாளைச் சுற்ற வேண்டுமென்றால் குன்றையே சுற்ற வேண்டும். வெயிலில் சுற்றினேன்.

அடுத்தது பரனூர். ஒரு பக்கம் மகிந்திரா வேர்ல்டு சிட்டியின் கண்ணாடிக் கட்டடங்கள். இதே பரனூரில் தொழுநோயிலிருந்து மீண்டவர்களுக்கான அரசு மறுவாழ்வு இல்லமும் இருக்கிறது. செங்கல்பட்டை ஒட்டிய திருமணியில் 1920களில் லேடி வில்லிங்டன் பெயரில் தொழுநோய் சானடோரியம் தொடங்கினார்கள். 1955இல் மத்திய அரசு அதை ஆராய்ச்சி நிலையமாக்கியது. தோல், காசம், தொழுநோய் என்று எதெதைப் பார்க்கக் கூசியதோ அதையெல்லாம் இந்த வழியே அனுப்பிய நகரம், பிறகு வீட்டுமனை தேடி அவற்றின் பின்னாலேயே வந்துவிட்டது. பரனூர் நடைமேடையில் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் ஐ.டி. ஊழியர்கள் நிற்கும் இடத்திலேயே, விரல்கள் மடங்கிய முதியவர் ஒருவரும் செங்கல்பட்டு வண்டிக்காக நின்றார். அவருக்கு இடம் விட்டு யாரும் விலகி நிற்கவில்லை. ஒரு பையன் அவர் பையை வாங்கி ஏற்றிவிட்டு, போனைப் பார்க்கத் தொடங்கிவிட்டான். நகர்ந்து வந்தவற்றின் கதையில் எனக்குப் பிடித்த பகுதி அதுதான்.

கொளவாய் ஏரி வந்ததும் எல்லாரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். மாம்பலம் ஏரிக்குக் கிடைக்காத ஆயுள் இதற்குக் கிடைத்திருக்கிறது, இதுவரை.

செங்கல்பட்டு நிலையத்துக்கு வெளியே வெள்ளைச் சட்டை போட்ட இளைஞர் ஒருவர் துண்டுப் பிரசுரம் நீட்டினார். மேல்மருவத்தூர் அருகே மனைகள், தவணை வசதி உண்டு, பதிவு இலவசம்.

“சென்னைக்கு மிக அருகில் சார்” என்றார்.

“நான் சென்னையிலிருந்துதான் வருகிறேன் தம்பி. கிளம்பி எவ்வளவு நேரமாகிறது தெரியுமா?”

“மெமு ரயில் போகிறது சார். இன்னும் அஞ்சு வருடத்தில் மின்சார ரயிலையும் அங்கே வரை விட்டுவிடுவார்கள்” என்று சொல்லி, இரண்டாவது பிரசுரம் ஒன்றையும் கையில் திணித்தார். அதில் ஒரு மருத்துவக் கல்லூரியும் ஒரு சர்வதேசப் பள்ளியும் ஏற்கெனவே வரைபடத்தில் வந்துவிட்டிருந்தன.